விதியோடு வாதிட்டவர்

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது, எனக்குப் பிடித்த தலைவர் என்ற கட்டுரைத் தலைப்பு அடிக்கடி வரும். காந்தியடிகளையோ துங்கு அப்துல் ரஹ்மானையோ பற்றி எழுதிவிட்டால் ஆசிரியர் நிறைவாகப் புள்ளிகள் இடுவார். பிறப்பு, பெற்றோர், கல்வி, தொண்டு, மறைவு என்று வரிசை மாறாமல் எழுத வேண்டும். தலைவரிடம் ஒரு குறைகூட இருக்கக் கூடாது. பத்து ஆண்டுகள் கழித்து, இந்த மலருக்காக மீண்டும் ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இம்முறை நான் தேர்ந்தெடுத்தவரிடம் குறைகள் நிறைய உண்டு. எங்கள் ஆசிரியர் கையில் இது கிடைத்தால் எத்தனை புள்ளிகள் இடுவாரோ தெரியவில்லை.

அவர் பெயர் கோலின் சாப்மன். ஆங்கிலேயர். லோட்டஸ் மகிழுந்து நிறுவனத்தைத் தொடங்கியவர். அவரைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய நிறுவனத்தின் பெயர் தெரிந்திருக்கும். 1996-ஆம் ஆண்டில் நம் நாட்டின் புரோட்டோன் நிறுவனம் லோட்டஸின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. அதன்பின் வந்த சில புரோட்டோன் வண்டிகளின் பின்புறத்தில், ஓட்டும் தன்மையைச் சீர்செய்தது லோட்டஸ் என்று சொல்லும் ஒரு சிறிய சின்னம் ஒட்டப்பட்டிருந்தது. எங்கள் அப்பாவின் வண்டியிலும் அது இருந்தது. சிறுவயதில் அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நிற்பேன். லோட்டஸ் என்றால் தாமரை என்று அம்மா சொன்னதும், அது ஏதோ நம்மவர் நிறுவனம் என்றே பல நாள் நினைத்திருந்தேன்.

இப்போது நான் இயந்திரவியல் பொறியியல் மாணவன். மாணவர்களே வடிவமைத்துக் கட்டும் சிறிய ஃபார்முலா பந்தய வண்டிக் குழுவில் ஒருவன். இவ்வகைப் போட்டி அமெரிக்காவில் தொடங்கி, இன்று பல நாடுகளில் நடக்கிறது. இதன் விதிநூல் சஸ்பென்ஷன் பற்றி அதிகம் பேசுவதில்லை. அது கேட்பதில் முக்கியமானது, ஓட்டுநர் அமர்ந்த நிலையில் சக்கரம் மேலும் கீழுமாக மொத்தம் 50 மில்லிமீட்டராவது அசைய வேண்டும் என்பது. எங்களுக்கோ வண்டி கல்லைப் போல் விறைப்பாக இருக்க வேண்டும். பட்டறையில் இரவு பதினோரு மணிக்கு மலாயும் ஆங்கிலமும் கலந்து பெரிய வாதம் நடந்தது. நான் ஒரு வழி சொன்னேன். கணக்குப்படி 50 மில்லிமீட்டர் இருக்கட்டும். அதில் பாதியிலேயே ஒரு கெட்டியான இரப்பர்க் கட்டை போய்த் தடுக்கட்டும். எவ்வளவு விசையில் அசைய வேண்டும் என்று விதியில் எழுதவில்லையே என்றேன். எங்கள் குழுவில் இறுதியாண்டு படித்த அக்கா ஒருவர் அதை ஏற்கவில்லை. விதி எதற்காக எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்றார். நான் உடனே சாப்மனைச் சாட்சிக்கு இழுத்தேன். விதியில் எழுதாததை எல்லாம் செய்துதான் அவர் உலகை வென்றார் என்றேன். அவருடைய முழுக் கதையையும் படித்திருக்கிறாயா என்று அக்கா கேட்டார். நான் படித்திருக்கவில்லை. வாதத்தில் வென்றது என்னவோ நான்தான். ஆனாலும் அந்தக் கேள்வி மனத்தில் தங்கிவிட்டது.

அந்தோணி கோலின் புரூஸ் சாப்மன் 1928-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் இலண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார். தந்தை வட இலண்டனில் ஹார்ன்சி என்னும் பகுதியில் இரயில்வே ஓட்டல் என்ற விடுதியை நடத்தினார். போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில் சாப்மன் யுனிவர்சிட்டி காலேஜ் இலண்டனில் கட்டமைப்புப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். மகிழுந்து சார்ந்த படிப்பு அன்று, பாலங்களும் கூரைகளும் பற்றிய படிப்பு. ஒரு பாரம் எந்தக் கம்பி வழியாகத் தரைக்கு இறங்குகிறது, எந்தக் கம்பி வேலை செய்யாமல் சும்மா நிற்கிறது என்று பார்க்கும் கண் அவருக்கு அங்கேதான் கிடைத்தது என்று நினைக்கிறேன். சும்மா நிற்கும் கம்பியை அவர் வாழ்நாள் முழுவதும் மன்னிக்கவே இல்லை.

படிக்கும்போதே பழைய வண்டிகளை வாங்கி விற்கும் வியாபாரத்தில் இறங்கினார். 1947-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அரசாங்கம் பொதுமக்களுக்கான பெட்ரோல் பங்கீட்டை நிறுத்தியது. பழைய வண்டிகளை வாங்க ஆளில்லை. இலாபம் எல்லாம் கரைந்து, கையில் விற்காமல் எஞ்சியது ஒரு பழைய ஆஸ்டின் செவன். அதைப் பிரித்து, பலகையும் அலுமினியத் தகடும் கொண்டு புதிய உடலைக் கட்டினார். வேலை நடந்த இடம், பின்னாளில் அவர் மணந்துகொண்ட ஹேசல் வில்லியம்ஸ் வீட்டின் பின்புறக் கொட்டகை. சேற்றிலும் மேட்டிலும் வண்டியை ஏற்றும் போட்டிகளுக்காக 1948-இல் உருவான இதுவே முதல் லோட்டஸ். ஏன் அந்தப் பெயர் என்பதை அவர் கடைசி வரை வெளியே சொல்லவில்லை.

இதற்கிடையே இறுதித் தேர்வில் கணிதத் தாள் கைவிட்டது. மறுதேர்வு எழுதி, ஓர் ஆண்டு தாமதமாக 1949-இல்தான் பட்டம் பெற்றார். உலகின் மிகச் சிறந்த பந்தய வண்டிப் பொறியாளர் எனப் போற்றப்பட்டவர் கணிதத்தில் தவறியவர் என்பது, நம்மில் சிலருக்கு ஆறுதலாக இருக்கலாம். (தவறான ஆறுதல்தான். ஆனாலும் தேர்வு முடிவு வந்த வாரத்தில் எனக்கு அது உதவியது.) பல்கலைக்கழக விமானப் பிரிவில் வானூர்தி ஓட்டக் கற்றதும், சில காலம் அரச விமானப் படையில் இருந்ததும், பின்னர் பிரிட்டிஷ் அலுமினியம் நிறுவனத்தில் பணியாற்றியதும் வீண் போகவில்லை. வானூர்தியில் தேவையற்ற ஒரு கிராமும் இருக்காது. அந்தப் பார்வையை அவர் சாலைக்குக் கொண்டு வந்தார்.

இனி நான் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். 1939-இல் இங்கிலாந்தில் 750 மோட்டார் கிளப் என்ற சங்கம் தொடங்கியது. ஆஸ்டின் செவன் வண்டியை நேசித்தவர்களின் சங்கம் அது. போருக்குப் பின் பணமும் பெட்ரோலும் அரிதாக இருந்த காலத்தில், அந்தச் சங்கத்தினர் 750 ஃபார்முலா என்ற பந்தய வகையை உருவாக்கினர். ஆஸ்டின் செவனின் சட்டமும் இயந்திரமும்தான் அடிப்படை. யாரும் வீட்டுக் கொட்டகையில் வைத்து, கைக்காசில் ஒரு வண்டியைக் கட்டி வார இறுதியில் ஓட்ட வேண்டும் என்பதே நோக்கம். அங்கே விதியை எழுதியவர்களும் வண்டியைக் கட்டியவர்களும் ஓட்டியவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். இது கவனிக்க வேண்டிய செய்தி. பெரிய பந்தயங்களில் விதி மேலிருந்து வரும். இங்கோ விதி என்பது நண்பர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஓர் ஒப்பந்தம்.

1951-இல் இருபத்து மூன்று வயதுச் சாப்மன், ஆலன் சகோதரர்களுடன் சேர்ந்து லோட்டஸ் மூன்றாம் வண்டியை அங்கே கொண்டு வந்தார். அக்காலச் சிறு வண்டிகளில் முன் சக்கரங்கள் இரண்டையும் ஒரே நீண்ட அச்சு இணைத்திருக்கும். இடச் சக்கரம் குழியில் இறங்கினால் வலச் சக்கரமும் சாயும். அந்த அச்சை நடுவில் வெட்டி, வெட்டிய இடத்தில் கீல் வைத்துவிட்டால் ஒவ்வொரு சக்கரமும் தன் போக்கில் அசையும். இம்முறை அவருக்கு முன்பே வழக்கில் இருந்ததுதான். அவர் அதைத் துணிந்து பந்தயத்தில் பயன்படுத்தினார். ஆனால் சங்கத்தைக் கலங்கடித்தது இயந்திரத்தில் அவர் செய்த வேலை. ஆஸ்டின் செவனின் நான்கு சிலிண்டர்களுக்கு உள்ளிழுக்கும் துளைகள் இரண்டே. அதாவது, இரண்டு பேர் ஒரு மூக்கால் மூச்சு விடுவதைப் போல. ஒருவர் இழுக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்குக் காற்று குறையும். சாப்மன் அந்தத் துளைகளுக்குள் மெல்லிய தடுப்பை நுழைத்து நான்கு வழிகள் ஆக்கினார். விதியில் அதைத் தடுக்கும் வரி எதுவும் இல்லை. இயந்திரத்தின் ஆற்றல் கூடியது. அந்தப் பருவம் முழுவதும் அவரை நெருங்க ஆளில்லை. அடுத்த ஆண்டுக்கான விதியில் அந்தத் தடுப்பு தடைசெய்யப்பட்டது.

முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அறிவாளியைக் கண்டு பொறாமைப்பட்டு விதியை மாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது. பிறகு எங்கள் குழுவை நினைத்துப் பார்த்தேன். வார இறுதியில் கொட்டகையில் வேலை செய்த ஓர் எழுத்தரும் ஓர் ஆசிரியரும் அந்தச் சங்கத்தில் இருந்திருப்பார்கள். சாப்மனின் முறை தொடர்ந்தால் எல்லாரும் அதையே செய்தாக வேண்டும், செய்யத் தெரியாதவர் வீட்டுக்குப் போக வேண்டும். சங்கம் அவரைத் தண்டிக்கவில்லை, வென்ற பரிசுகளைப் பறிக்கவும் இல்லை. இனி வேண்டாம் என்று மட்டும் சொன்னது. அது நியாயம் என்றே இப்போது எனக்குப் படுகிறது. அந்த 750 ஃபார்முலா இன்றும் இங்கிலாந்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சாப்மன் அதில் கற்ற பாடம் வேறு. விதி என்பது எழுதப்பட்ட சொற்கள் மட்டுமே, எழுதாதது எல்லாம் திறந்த வாசல், அதை அவர்கள் அடைப்பதற்குள் நுழைந்துவிட வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டார். தமிழில் விதி என்ற ஒரே சொல் சட்டத்தையும் தலையெழுத்தையும் குறிக்கிறது. இவர் வாழ்க்கையில் அவை இரண்டும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன.

1952-ஆம் ஆண்டின் முதல் நாள் லோட்டஸ் எஞ்சினியரிங் தொடங்கியது. ஹேசல் கொடுத்த 25 பவுண்டுதான் முதலீடு. இடம், தந்தையின் விடுதிக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை இலாயம். பகலில் வேறு வேலை பார்த்த இளைஞர்கள் மாலையில் வந்து சம்பளம் வாங்காமல் உழைத்தனர். பின்னாளில் இரண்டு முறை உலக வெற்றியாளரான கிரஹாம் ஹில்லும் இங்கே மெக்கானிக்காக ஒரு நாளைக்கு ஒரு பவுண்டுக்கு வேலை செய்தவர்தான். 1957-இல் வந்த லோட்டஸ் செவன் பகுதி நேரப் பந்தய ஓட்டுநர்களின் கனவு வண்டி எனலாம். முழு வண்டியாக வாங்கினால் வரி, உதிரியாக வாங்கிப் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. பூட்டும் முறையை விளக்கும் கையேடு கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததாம். சாப்மன் வண்டியைக் கழற்றும் முறைக்குக் கையேடு கொடுத்தார், வாங்கியவர் அதைப் பின்னிருந்து படித்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ கற்பனையோ, ஆளைப் பற்றிச் சரியாகவே சொல்கிறது.

அதன்பின் வந்த வெற்றிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், அவை எங்கும் கிடைக்கும் செய்திகள். 1960-இல் மொனாக்கோவில் ஸ்டர்லிங் மோஸ் லோட்டஸுக்கு முதல் ஃபார்முலா ஒன் வெற்றியைத் தந்தார். 1962-இல் வந்த லோட்டஸ் 25 வண்டியில் எலும்புக்கூடு போன்ற குழாய்ச் சட்டத்திற்குப் பதிலாகத் தகட்டால் ஆன முழு உடலே பாரத்தைத் தாங்கியது. அதில் ஜிம் கிளார்க் 1963-இல் உலக வெற்றியாளரானார். 1965-இல் உலகப் பட்டமும் இண்டியானாபொலிஸ் 500 வெற்றியும் ஒரே ஆண்டில் கிளார்க்குக்குக் கிடைத்தன. 1967-இல் லோட்டஸ் 49 வந்தபோது இயந்திரமே வண்டியின் முதுகெலும்பானது. பின் சஸ்பென்ஷன் அதன்மீதே பூட்டப்பட்டது. சும்மா நிற்கும் கம்பி ஒன்றுகூட இல்லை.

ஆனால் வேலை செய்யும் கம்பியும் ஓர் அளவுக்கு மேல் மெலிந்தால் முறிந்துவிடும். 1960-இல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்திற்கான பயிற்சியில் மோஸின் லோட்டஸ் வண்டியில் சக்கரம் கழன்று அவர் படுகாயமுற்றார். அதே பயிற்சியில் மைக் டெய்லர் என்பவரின் லோட்டஸில் திருப்புத் தண்டு முறிந்தது. அவரது பந்தய வாழ்க்கை அத்துடன் முடிந்தது. லோட்டஸ் வேகமானது, ஆனால் உடையக்கூடியது என்ற பேச்சு அன்று முதல் நிலைத்துவிட்டது. 1968 ஏப்ரல் 7-இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஜிம் கிளார்க் லோட்டஸ் ஓட்டியபோது உயிரிழந்தார். சாப்மனுக்கு அவர் ஓட்டுநர் மட்டுமல்லர், நெருங்கிய நண்பரும்கூட.

அந்த ஆண்டில்தான் பந்தய வண்டிகளில் உயரமான சிறகுகள் முளைத்தன. காற்று சிறகைக் கீழே அழுத்தினால் டயர் சாலையை நன்கு பற்றும். இங்கே சஸ்பென்ஷன் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். வண்டியின் எடையைச் சுருள்வில்கள் தாங்குகின்றன. வில்லுக்கு மேலே இருப்பவை உடல், இயந்திரம், ஓட்டுநர். வில்லுக்குக் கீழே இருப்பவை சக்கரமும் அதைச் சார்ந்தவையும். சிறகை உடலில் பொருத்தினால் அதன் அழுத்தம் வில்லை நசுக்கிவிட்டுத்தான் சக்கரத்துக்குப் போகும். லோட்டஸ் தன் சிறகை மெல்லிய நீண்ட கால்களில் நிறுத்தி, நேராகச் சக்கரப் பகுதியிலேயே பொருத்தியது. அறிவுபூர்வமான தீர்வுதான். ஆனால் குழியில் விழும் ஒவ்வொரு அதிர்ச்சியும் அந்த மெல்லிய கால்களுக்கே போனது. 1969 மே 4, பார்சலோனாவின் மோன்ஜுயிக் சாலையில் ஒரு மேட்டைத் தாண்டும்போது கிரஹாம் ஹில்லின் சிறகு முறிந்தது. சில சுற்றுகள் கழித்து, அதே இடத்தில், இன்னொரு லோட்டஸ் ஓட்டிய யோக்கன் ரிண்டின் சிறகும் முறிந்தது. ஹில் தப்பினார். ரிண்டின் முகத்தில் பலத்த காயம். அடுத்த மொனாக்கோ பந்தயத்திலேயே சிறகுகள் தடைசெய்யப்பட்டன. பிறகு புதிய விதியுடன் திரும்பி வந்தன: காற்றைப் பயன்படுத்தும் எந்த உறுப்பும் வில்லால் தாங்கப்படும் பகுதியில் அசையாதபடி பொருத்தப்பட வேண்டும். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிண்ட் தம் அச்சத்தைச் சாப்மனுக்குக் கடிதமாகவே எழுதினார். வண்டிகள் இன்னும் உறுதியாக இருந்தால் வேகம் சிறிதுதான் குறையும் என்பது அவர் வேண்டுகோளின் சாரம். 1970-இல் வந்த லோட்டஸ் 72 வண்டியில் முன் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லாமல் உடலுக்குள் இருந்தன. வில்லுக்குக் கீழே உள்ள எடை குறைந்தால் சக்கரம் சாலையை விடாமல் தொடரும் என்பது காரணம். பிரேக்கையும் சக்கரத்தையும் ஒரு தண்டு இணைத்தது. 1970 செப்டம்பர் 5-இல் மொன்சாவில் நடந்த பயிற்சியில், அந்தத் தண்டு முறிந்ததாலேயே வண்டி தடுப்பில் மோதியது என்று கருதப்படுகிறது. ரிண்ட் இறந்தார். அதுவரை சேர்த்த புள்ளிகளை யாராலும் எட்ட முடியாததால், இறந்த பின் உலக வெற்றியாளர் பட்டம் பெற்ற ஒரே ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார்.

இந்தப் பகுதியைப் படித்த இரவில் நான் அக்காவுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப நினைத்தேன். அனுப்பவில்லை. இரப்பர்க் கட்டை ஏற்கனவே வண்டியில் பொருத்தப்பட்டிருந்தது.

சாப்மனின் கடைசிப் பெரிய வாதம் 1981-இல் நடந்தது. அதற்கு முன் 1978-இல் லோட்டஸ் 79 வண்டியின் அடிப்பகுதியையே தலைகீழான சிறகாக்கி, மரியோ ஆண்ட்ரெட்டியை உலக வெற்றியாளராக்கியிருந்தார். எல்லாரும் அதைப் பின்பற்றினர். வண்டிகள் வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் சென்றதால், 1981-இல் புதிய விதி வந்தது. பக்கவாட்டில் சரியும் திரைகள் கூடாது, தரைக்கும் வண்டிக்கும் இடையே 6 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி அளக்கப்பட்டதோ, வண்டி நிற்கும்போது. பிராபம் குழு உடனே ஒரு வழி கண்டது. நிற்கும்போது 6 சென்டிமீட்டர் உயரம், ஓடும்போது காற்றழுத்தத்தால் கீழே இறங்கிவிடும் சஸ்பென்ஷன். விதியின் நோக்கத்தை இதைவிட வெளிப்படையாக ஏமாற்ற முடியாது. அது ஏற்கப்பட்டது. அந்த ஆண்டு பிராபம் ஓட்டுநர் நெல்சன் பிகேதான் உலக வெற்றியாளர்.

சாப்மனின் லோட்டஸ் 88 வேறு வகை. தரையோடு ஒட்டிய வண்டிகளில் வில் மிகவும் விறைப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் ஓடும் காற்றின் பிடி குலையும். அந்த விறைப்பில் ஓட்டுநரின் முதுகும் கழுத்தும் நொறுங்கின. சாப்மன் ஒரு வண்டிக்குள் இரண்டு வண்டிகளைக் கட்டினார். உள்ளே ஓட்டுநரும் இயந்திரமும் மென்மையான வில்லில் அமர்ந்திருந்தன. வெளியே உடலும் பக்கப் பகுதிகளும் தனியான விறைப்பு வில்லில் இருந்தன. காற்றின் அழுத்தம் வெளிக்கூட்டின் வழியாக நேரே சக்கரத்துக்குப் போகும், ஓட்டுநருக்கு அதிர்ச்சி இல்லை. 1969-இல் முறிந்த சிறகின் அதே எண்ணம்தான், ஆனால் இம்முறை உறுதியான உருவத்தில்.

அப்போதுதான் அந்தப் பழைய வரி குறுக்கே வந்து நின்றது. காற்றைப் பயன்படுத்தும் உறுப்பு வில்லால் தாங்கப்படும் பகுதியில் அசையாதிருக்க வேண்டும். வெளிக்கூடும் வில்லால்தானே தாங்கப்படுகிறது, ஆகவே அதுவும் தாங்கப்படும் பகுதியே என்றது லோட்டஸ். ஓட்டுநர் இருக்கும் பகுதிக்கு எதிராக அது அசைகிறதே, ஆகவே அசையும் காற்றுறுப்பு என்றன மற்ற குழுக்கள். லாங் பீச்சில் ஆய்வாளர்கள் முதலில் ஏற்று, எதிர்ப்பு வந்ததும் விலக்கினர். பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்த எலியோ டி ஏஞ்சலிசுக்குக் கறுப்புக் கொடி காட்டப்பட்டது. பிரேசிலிலும் ஆர்ஜென்டினாவிலும் அதே கதை. மேல்முறையீடு தோற்றது. மனமுடைந்த சாப்மன் அடுத்து வந்த இமோலா பந்தயத்திற்குத் தம் குழுவையே அனுப்பவில்லை. ஜூலையில் சில்வர்ஸ்டோனில் திருத்திய வண்டியை இங்கிலாந்துச் சங்கம் ஏற்றபோதும், உலக அமைப்பு அதை மறுத்தது. 88 ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை.

என் கருத்தைக் கேட்டால், இந்த வழக்கில் பொறியாளர் சாப்மன் பக்கமே நியாயம் இருந்தது. முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக, விதியில் அவர் தேடிய இடைவெளி ஓட்டுநரின் உடலையும் காப்பதாக இருந்தது. ஆனால் முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு வாசலிலும் நுழைந்தவர் இன்னொரு வாசலைக் காட்டியபோது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க யாரும் விரும்பவில்லை. எல்லாரும் புதிய வண்டி கட்ட வேண்டிவரும் என்ற செலவுக் கவலையும் மற்ற குழுக்களுக்கு இருந்திருக்கும். ஒரு காலத்தில் 750 சங்கத்தினருக்கு இருந்த அதே கவலை.

அவர் விடவில்லை. வில்லுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தமும் கணினியும் சக்கரத்தை இயக்கும் சஸ்பென்ஷனில் அவர் குழு இறங்கியது. 1982 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் டி ஏஞ்சலிஸ் 0.05 வினாடி இடைவெளியில் வென்றார். வழக்கம்போல் சாப்மன் தம் கறுப்புத் தொப்பியை வானத்தில் எறிந்தார். அதுவே கடைசி முறை. டிசம்பர் 16-இல் மாரடைப்பால் இறந்தார். வயது 54. கணினிச் சஸ்பென்ஷன் வண்டியின் சோதனை ஓட்டம் அந்த டிசம்பரில்தான் நடந்தது. 1987-இல் ஆயர்டன் சென்னா அதைக்கொண்டு மொனாக்கோவில் வென்றார். 1994-ஆம் ஆண்டுக்கான விதிகளில் அதுவும் தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டுப் பந்தயங்களுடன் டீம் லோட்டஸின் ஓட்டமும் நின்றது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. டிலோரியன் மகிழுந்துக்கு லோட்டஸ் செய்த பணிக்கான பெருந்தொகை பனாமாவில் பதிவான ஒரு நிறுவனத்தின் வழியாகத் திசைமாறிப் போனது. லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் 1992-இல் சிறை சென்றார். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்குப் பத்தாண்டுக்குக் குறையாத தண்டனை கிடைத்திருக்கும் என்று நீதிபதி கருத்துரைத்தார். இங்கே விதியின் இடைவெளி என்று சொல்லித் தப்ப முடியாது.

எங்கள் போட்டியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பப் பரிசோதனையில் ஆய்வாளர்கள் எங்கள் ஓட்டுநரை அமரச் செய்து, இருவர் வண்டியின் பின்பகுதியை அழுத்தினர். சக்கரம் ஒரு கட்டைவிரல் அகலம் அசைந்து நின்றுவிட்டது. நான் முன்னே போய், விசையின் அளவு விதியில் இல்லை என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவர்களில் மூத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு காலத்தில் ஒரு மாணவர் வண்டி குழியில் துள்ளிக் கவிழ்ந்ததைத் தாம் பார்த்ததாக மட்டும் சொன்னார். மாலை வரை நேரம் கொடுத்தார். நானும் அக்காவும் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு வெட்டுக்கத்தியால் இரப்பரைச் செதுக்கினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பயிற்சி ஓட்டத்தை இழந்தோம், பந்தயத்தில் ஓடினோம்.

புரோட்டோன் தன் லோட்டஸ் பங்குகளை 2017-இல் சீனாவின் கீலி நிறுவனத்திற்கும் நம் நாட்டு நிறுவனம் ஒன்றிற்கும் விற்றுவிட்டது. அப்பாவின் வண்டி இன்னும் ஓடுகிறது. போன மாதம் தாமானில் உள்ள பட்டறையில் நான்கு எப்சோபர்களையும் மாற்றினோம். அசல் வேண்டுமா, மலிவானது போதுமா என்று பட்டறைக்காரர் கேட்டார். அப்பா மலிவானதே போதும் என்றார். பின்னாலிருந்த சின்னம் வெயிலில் வெளுத்துப்போய் ஒரு மூலை உரிந்திருந்தது. அதைப் பிய்த்துப் போடட்டுமா என்றும் கேட்டார். இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.